குதிரையை ஒட்டிய இரண்டு அங்குலம்

மீட்டுகிற இடத்துக்காகத்தான் என்னை முதன்முதலில் திருத்தினார்கள். 1983. எனக்குப் பத்து வயது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடி வீட்டில் வீணை வகுப்பு. வாரத்தில் இரண்டு நாள், ஆறு பெண் குழந்தைகள், மூன்று வீணைகள். வீணையில் கடைசி மெட்டுக்கும் குதிரைக்கும் நடுவே மீட்டுவதற்கு இருக்கிற இடம் ஒரு கை அகலம்தான். என் வலது கை அந்தச் சின்ன இடத்துக்குள்ளும் குதிரைப் பக்கமாகவே நகர்ந்துவிடும். அங்கே கம்பி விறைப்பாக இருக்கும், விரலை எதிர்க்கும். மீட்டினால் பளிச்சென்று 'டைங்' என ஒரு சத்தம் கிளம்பும். எனக்கு அது பிடித்திருந்தது.

மாமி விரல் முட்டியில் தட்டுவார். "குதிரைகிட்டே போகாதேடி. தகரம் மாதிரி கேக்கறது பார். பொம்மனாட்டி கையிலே வீணை கொஞ்சணும், கத்தப்படாது."

கை பின்னால் நகர்ந்தது. அங்கேயே நின்றும்விட்டது. பதினான்கு வருடம் கற்றுக்கொண்ட பிறகும் என் வீணை கொஞ்சிக்கொண்டுதான் இருந்தது.

1986-இல் அண்ணா காலேஜில் சேர்ந்த கையோடு ஒரு மின்கிட்டார் வாங்கி வந்தான். கல்கத்தாவில் செய்த மலிவான சரக்கு. அதன் உடம்பில் கம்பிகளுக்குக் கீழே இரண்டு பிக்கப்புகள் இருந்தன. ஒன்று கழுத்தை ஒட்டி, இன்னொன்று குதிரையை ஒட்டி. கிட்டாரிலும் கம்பிகள் ஏறி உட்காரும் அந்தப் பாகம் குதிரைதானே. நடுவில் ஒரு சுவிட்ச். அதை மேலே தள்ளினால் சத்தம் உருண்டையாக, கொஞ்சம் தூக்கக் கலக்கத்தோடு வரும். கீழே தள்ளினால் என் காதுக்கு நன்றாகத் தெரிந்த அதே 'டைங்'. அப்பா ஹிண்டு பேப்பரிலிருந்து நிமிர்ந்து, "பலே, இது சத்தம்!" என்றார். ஒரே ஹால், ஒரே சாயங்காலம். என் வீணை மூலையில் உறை போட்டு நின்றது.

அந்த ஒரு சத்தம் அவன் கையில் 'பலே' ஆனதும் என் கையில் தகரம் ஆனதும் எப்படி என்று கேட்க எனக்கு இருபது வருடங்களுக்கு மேல் ஆயிற்று. முதலில் இயற்பியலைப் பார்த்துவிடலாம். அதில் ஆண் பெண் கிடையாது.

இழுத்துக் கட்டிய கம்பியை மீட்டினால் அது முழு நீளத்துக்கு ஒரு தடவை ஆடுவதோடு நிற்பதில்லை. அதே நேரத்தில் இரண்டு பாதியாகவும், மூன்று பாகமாகவும், நான்காகவும் ஆடுகிறது. முழு நீள ஆட்டம் நாம் கேட்கும் சுரம். பிளந்து ஆடும் சின்ன ஆட்டங்கள் அதன் மேல்சுரங்கள். மேல்சுரங்கள் குறைவாக இருந்தால் ஒலி மழுங்கி, மென்மையாகக் கேட்கும். நிறைய இருந்தால் பளிச்சென்று, கணீரென்று இருக்கும். எவ்வளவு மேல்சுரம் கிளம்பும் என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது எந்த இடத்தில் மீட்டுகிறோம் என்பதே. சரியாக நடுவில் மீட்டினால் இரட்டைப்படை மேல்சுரங்கள் கிளம்புவதே இல்லை. ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். கம்பியின் நுனிப் பக்கம் நெருங்க நெருங்க உயர்ந்த மேல்சுரங்கள் ஓங்கும். குதிரையை ஒட்டிய இரண்டு அங்குலத்தில் என் விரல் கேட்டது இதைத்தான்.

மின்கிட்டார் இதோடு இன்னொன்றையும் சேர்த்தது. எங்கே மீட்டுகிறோம் என்பதைப் போலவே எங்கிருந்து கேட்கிறோம் என்பதும் அதில் முக்கியம். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மெல்லிய செம்புக் கம்பிச் சுருளும். எஃகுக் கம்பி காந்தத்தின் மேல் அதிரும்போது சுருளில் சிறு மின்னோட்டம் பிறக்கிறது. ஒலிபெருக்கி அதைப் பெரிதாக்குகிறது. குதிரைக்கு அருகே கம்பியின் முழு நீள ஆட்டம் சின்னது. அதனால் அங்கே வைத்த பிக்கப்புக்கு மேல்சுரங்களே தூக்கலாகக் கேட்கின்றன. கழுத்துப் பக்க பிக்கப் அந்த அதே கம்பியிடமிருந்து உருண்டையான ஒலியை எடுக்கிறது. அண்ணாவின் சுவிட்ச் செய்தது அவ்வளவுதான், காதை இடம் மாற்றி வைத்தது.

கிட்டார்க்காரர்கள் 'ட்வாங்' என்று கொண்டாடும் அந்த ஒலிக்கு உலகம் முழுக்க அடையாளம் ஃபெண்டர் டெலிகாஸ்டர். கலிபோர்னியாவின் ஃபுல்லர்டனில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த லியோ ஃபெண்டர் 1950-இல் அதை வேறு பெயரில் கொண்டுவந்தார். 1951-இல் இந்தப் பெயர் வந்தது. அவருக்கே கிட்டார் வாசிக்கத் தெரியாது என்பது எனக்கு எப்போதும் ஆறுதலான தகவல். டெலிகாஸ்டரில் குதிரைப் பக்க பிக்கப் ஓர் எஃகுத் தட்டுக்குள் சாய்வாக உட்கார்ந்திருக்கும். மெல்லிய கம்பிகளின் பக்கம் குதிரையை இன்னும் நெருங்கும். சுருள் ஒன்றே ஒன்று. கம்பியின் அதிரும் நீளம் இருபத்தைந்தரை அங்குலம். நீளம் கூடினால் அதே சுரத்துக்குக் கம்பியை இன்னும் முறுக்கிக் கட்டவேண்டும், ஒலி இன்னும் கணீரென்று வரும். மரம் என்ன மரம் என்று ஆண்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளியிருக்கிறார்கள். மரம் முக்கியம் என்றால் எங்கள் வீணையில் முக்கியம். பலா மரத்தில் குடமும் தண்டியும் ஒரே துண்டாகக் குடைந்த ஏகாண்ட வீணைக்கும் ஒட்டு வீணைக்கும் உள்ள வித்தியாசம் காதுக்குத் தெரியும். கட்டைப் பலகையில் கட்டிய மின்கிட்டாரில் அந்த வேலையில் பெரும்பகுதியைச் செய்வது சுருளும் அது இருக்கும் இடமும்.

அந்தச் சுருளைச் சுற்றியது யார்?

அந்தச் செம்புக் கம்பி ஏறத்தாழ தலைமுடியளவுதான் இருக்கும். ஒரு பிக்கப்புக்கு ஆயிரக்கணக்கான சுற்று. அதிகமாகச் சுற்றினால் சத்தம் கூடும், ஆனால் பளிச் போய்விடும். குறைத்தால் பளிச் இருக்கும், சத்தம் மெலியும். இயந்திரம் சுருளைச் சுழற்றும். கம்பியை விரல்களுக்கு நடுவே பிடித்து, அறுந்துவிடாமல், இடமும் வலமுமாக நகர்த்திக் கொடுப்பது ஒரு மனிதக் கை. ஃபெண்டர் தொழிற்சாலையில் அந்தக் கைகளில் ஒன்று அபிகேல் இபாராவுடையது. 1956-இல் வேலைக்குச் சேர்ந்து சுருள் சுற்றியவர், 2013-இல் ஓய்வு பெற்றார். கையால் நகர்த்திச் சுற்றும்போது சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று சீராகப் படியாது. அந்தச் சீரின்மையால்தான் உயர்ந்த மேல்சுரங்கள் சுருளுக்குள் அமுங்காமல் தப்பி வருகின்றன என்பது பிக்கப் செய்பவர்கள் தரும் விளக்கம். சரியாகச் சொன்னால், உலகம் மெய்மறந்த அந்தக் கூர்மையான ஒலியில் ஒரு பங்கு தொழிலாளிப் பெண்களின் கைநடுக்கம்.

1950-களின் ஃபெண்டர் கிட்டார்களைத் திருகாணி கழற்றித் திறப்பவர்கள் உள்ளே ஒட்டிய காகித நாடாவில் பென்சிலால் எழுதிய பெயர்களைப் பார்க்கிறார்கள். மேரி, குளோரியா. மின் இணைப்புகளை வைத்த பெண்களின் முதல் பெயர் மட்டும். வெளியே, கிட்டாரின் தலையில், முதலாளியின் குடும்பப் பெயர். இரண்டாம் உலகப் போரின்போது மிச்சிகனில் கிப்சன் தொழிற்சாலையில் ஆயிரக்கணக்கான கிட்டார்களைச் செய்தவர்களும் பெரும்பாலும் பெண்கள். அந்தக் காலத்தில் கிட்டார் உற்பத்தியே நின்றிருந்தது என்ற கதைதான் வெகுநாள் ஓடிக்கொண்டிருந்தது.

இதையெல்லாம் படித்தபோது எனக்கு நினைவு வந்தவர் லோகசுந்தரி அம்மாள். சென்னையில் ஒரு நண்பர் வீட்டில் அவர் வீணையில் தியாகராஜரின் 'ராம நீ ஸமானமெவரோ' வாசித்துக்கொண்டிருந்ததைக் கேட்டுத்தான் சி. வி. ராமன் அவரை மணக்க விரும்பினார் என்பது எல்லோரும் சொல்லும் கதை. கல்யாணம் நடந்தது 1907-இல். வரதட்சணை வேண்டாம் என்றார் ராமன். 'உனக்கு நிகர் யார்' என்ற பாட்டைக் கேட்டு மயங்கினார் என்று வேடிக்கையாகவும் சொல்வார்கள். லோகசுந்தரி அப்போது பதின்வயதுச் சிறுமி.

1921-இல் ராமன் இந்தியத் தந்தி வாத்தியங்களைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். எடுத்துக்கொண்டவை தம்புராவும் வீணையும். அவர் கண்டது இது. மீட்டுகிற புள்ளியில் எந்த மேல்சுரத்துக்கு ஆட்டம் இருக்காதோ அந்த மேல்சுரம் கேட்கக்கூடாது என்பது தாமஸ் யங் சொன்ன விதி. நம் வாத்தியங்கள் அதற்குக் கட்டுப்படவில்லை. கேட்கக்கூடாதது கேட்டது. காரணம் குதிரை. வயலின் குதிரை கத்தி முனைபோல. கம்பி ஒரு கோட்டில் முடிந்துவிடும். வீணைக் குதிரையின் மேல் லேசாக வளைந்த உலோகத் தகடு. கம்பி ஒவ்வோர் ஆட்டத்திலும் அந்த வளைவில் படிந்து, எழுந்து, மறுபடி படிகிறது. தம்புராவில் குதிரைக்கும் கம்பிக்கும் நடுவே செருகும் ஒரு துண்டு நூல் அந்த வேலையைச் செய்கிறது. அந்த உரசலில் மேல்சுரங்கள் ஓயாமல் பிறந்துகொண்டே இருக்கின்றன. நூலுக்கு நம் வீடுகளில் பெயர் ஜீவா. உயிர் என்றே பெயர். கிட்டார் மின்சாரமும் காந்தமும் வைத்துத் தேடிப்போன பளபளப்பை, ஒரு துண்டு நூலாலும் வளைந்த தகட்டாலும் நம் கைவினைஞர்கள் எப்போதோ கொண்டுவந்துவிட்டார்கள்.

லோகசுந்தரி அம்மாள் ராமனின் வாழ்க்கை வரலாறுகளில் திருமணக் கதையின் நாயகியாக வருகிறார். தேர்ந்த காதுள்ள ஓர் இசைக்காரியாக வருவதில்லை. வீட்டில் ஒரு வீணையும் அதை வாசிக்கத் தெரிந்த கையும் இருந்தன என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த 1921 கட்டுரையைப் படிக்க எனக்குப் பிடிக்கும்.

இப்போது மாமி சொன்ன 'கொஞ்சணும்' என்ற சொல்லுக்கு வருகிறேன். வீணை மென்மையான வாத்தியம், ஆகவே பெண்களுக்கானது என்பதை நான் விதிபோல நம்பி வளர்ந்தேன். அதற்கு ஆதாரமாகச் சொல்லப்பட்ட பெயர் வீணை தனம்மாள். 1867-இல் பிறந்து 1938-இல் மறைந்தவர். மீட்டுக்கவசம் போடாமல் நகத்தால் மீட்டியவர். ஜார்ஜ் டவுன் ராமகிருஷ்ணா தெரு வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அவர் வாசிப்பதைக் கேட்க நகரத்தின் பெரிய வித்வான்களும் பிரமுகர்களும் போய் உட்கார்ந்தார்கள். பக்கவாத்தியமாக மிருதங்கம்கூட வேண்டாம். யாராவது அசைந்தால், இருமினால், அவருக்குப் பிடிக்காது.

இதை மென்மை என்கிறார்கள். எனக்கு இது வேறு மாதிரி தெரிகிறது. எந்த நாள், எந்த அறை, எத்தனை பேர், எவ்வளவு மௌனம் என்று எல்லாவற்றையும் முடிவு செய்தது அந்தப் பெண். சத்தத்தைக் கூட்டிக் கேட்பவரைத் தேடிப் போகவில்லை. சத்தத்தைக் குறைத்துக் கேட்பவரைத் தன்னிடம் வரவழைத்தார். தாய்வழியாக இசையும் சொத்தும் வந்த இசை வேளாளர் குடும்பத்தின் தலைவி அவர். பேத்திகள் பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி. அந்த மெல்லிய ஒலி அதிகாரம் உள்ள ஒருத்தியின் தேர்வு.

அதே ஒலி எங்களைப் போன்ற பிராமண வீடுகளுக்கு வந்தபோது அர்த்தம் தலைகீழானது. 1947-இல் தேவதாசி முறைக்கு எதிரான சென்னை மாகாணச் சட்டம் வருவதற்கு முன்பே, பொது மேடையில் அந்தப் பெண்களின் இடம் சுருங்கத் தொடங்கியிருந்தது. கலை வேண்டும், கலையைக் காத்தவர்கள் வேண்டாம் என்று நகரம் முடிவெடுத்தது. மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பெண் பார்க்கும் கூடங்களில் வீணை வந்து உட்கார்ந்தது. 'பெண்ணுக்கு வீணை தெரியும்' என்பது ஜாதகக் குறிப்போடு போகும் ஒரு வரி. அங்கே மென்மை யாருடைய தேர்வும் இல்லை. அடுத்த அறையில் பேசிக்கொண்டிருக்கும் ஆண்களுக்கு இடைஞ்சல் இல்லாமல் கேட்கவேண்டிய அளவு, அவ்வளவுதான். என் மாமியின் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் விரல் முட்டியில் தட்டியவர்கள் யாரோ இருந்திருப்பார்கள்.

மென்மை வீணையின் இயல்பு இல்லை என்பதற்கு அடையாறு பக்கமே சாட்சி இருந்தது. 1936-இல் தொடங்கிய கலாக்ஷேத்ராவில் காரைக்குடி சாம்பசிவ ஐயர் தன் கடைசிக் காலத்தில் கற்றுக்கொடுத்தார். காரைக்குடி பாணி என்றால் அழுத்தமான, ஒவ்வொரு சுரமும் தெறித்து விழும் மீட்டு. அதை ஏற்று வாசித்தவர்களில் முக்கியமானவர்கள் பெண்கள்: ரங்கநாயகி ராஜகோபாலன், கலாக்ஷேத்ராவிலேயே பாடம் சொன்ன ராஜேஸ்வரி பத்மநாபன். ரங்கநாயகி அம்மாளின் ஒலிப்பதிவு ஒன்றை நாற்பது வயதுக்கு மேல் முதன்முதலாகக் கேட்டபோது நான் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. என் வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டரில், நான் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த அதே வருடங்களில், பெண் கையில் வீணை கணீரென்று ஒலித்துக்கொண்டிருந்தது. எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஒலிபெருக்கி 1930-களில் சபைகளுக்கு வந்த பிறகு வீணைக்கு முன்னால் மைக் வைத்தார்கள். பிறகு உடம்பிலேயே ஒட்டும் ஒலிவாங்கிகள் வந்தன. கிட்டாரின் காந்த பிக்கப்பை அப்படியே வீணைக்கு வைத்தால் பாதி வேலைதான் நடக்கும். பித்தளைக் கம்பியைக் காந்தம் உணராது, மந்தரமும் அனுமந்தரமும் ஊமையாகிவிடும். வீணையில் மின்சாரம் சேர்த்தால் நாதம் கெட்டுவிடும் என்று ஒரு கட்சி. இந்த வாதத்தில் பாதி உண்மை: குடத்திலிருந்து வரும் ஒலியும் குதிரையடியில் ஒட்டிய ஒலிவாங்கி தரும் ஒலியும் ஒன்றல்ல. மறுபாதியில் எனக்குச் சந்தேகம் உண்டு. ஒரு சிறுவன் மின்மாண்டலினோடு சபைகளுக்கு வந்தான், உ. ஸ்ரீநிவாஸை நகரம் சீக்கிரமே தோளில் தூக்கிக்கொண்டது. நியாயமாகவே தூக்கிக்கொண்டது. வீணை வாசிக்கும் பெண்ணிடம் மட்டும் 'இயற்கையான நாதம்' ஏன் இவ்வளவு கறாராகக் கேட்கப்படுகிறது?

மின்சாரம் பெண்களுக்குக் கொடுத்தது மட்டுமல்ல, எடுத்துக்கொண்டதும் உண்டு. கச்சேரி மேடையில் பாடகருக்குப் பின்னால் தம்புராவோடு உட்கார்ந்திருப்பவர் பல நேரம் ஒரு பெண். இரண்டரை மணி நேரம் ஒரே சீராக, முகம் மாறாமல் நான்கு கம்பிகளை மீட்டிக்கொண்டிருப்பார். ஜீவாவை மயிரிழை நகர்த்தி ஒலியைத் திறக்கவும் மூடவும் தெரிந்த காது அவருடையது. அழைப்பிதழில் வயலின் பெயர் இருக்கும், மிருதங்கத்தின் பெயர் இருக்கும், இவர் பெயர் இருக்காது. 1970-களின் கடைசியில் பெங்களூரில் ஜி. ராஜ் நாராயண் மின்னணு தம்புரா செய்தார். சின்னப் பெட்டி, சுருதி மாறாது, ரயிலில் கொண்டுபோகலாம். வீட்டில் தனியாகச் சாதகம் செய்யும் பெண்களுக்கு அது பெரிய வரம், எனக்கும்தான். ஆனால் மேடையின் பின்வரிசையில் இருந்த அந்த இருக்கையும் அதற்குக் கிடைத்த சொற்ப சன்மானமும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தன.

என் அம்மாவுக்கு இப்போது வயது எண்பதை நெருங்குகிறது. 1966-இல் தி.நகர் கல்யாண வீட்டிலிருந்து அவளோடு வந்தது ஒரு தஞ்சாவூர் வீணை. நவராத்திரி ஒன்பது நாளும் கொலுவுக்குப் பக்கத்தில் அது இருக்கும். சரஸ்வதி பூஜையன்று அதன்மேல் பூ வைப்பாள். அவள் வாசித்து நான் கேட்டது மிகக் குறைவு. அப்பா போன பிறகு அதை எடுத்து மெழுகு உருக்கி, இருபத்து நாலு மெட்டையும் மறுபடி உட்கார வைத்து மேளம் கட்டக் கொடுத்தேன். திரும்பி வந்ததும் குதிரையடியில் ஓர் ஒலிவாங்கியை ஒட்டி, ஒரு சின்ன ஆம்ப்ளிஃபயரில் இணைத்தேன்.

அம்மா வீணையை மடியில் சாய்த்துக்கொண்டாள். தாளக் கம்பிகளை ஒருமுறை வருடினாள். சாரணியை மீட்டினாள். முகம் சுளித்தாள். வலது கையைக் குதிரைப் பக்கம் நகர்த்தினாள், இன்னும் கொஞ்சம், குதிரையைத் தொடுகிற மாதிரி, நான் அடி வாங்கிய அதே இடத்துக்கு, மறுபடி மீட்டினாள். மந்தமாகத்தான் வந்தது. நான் ஆம்ப்ளிஃபயரின் திருகைத் திருப்பப் போனேன்.

"அதைத் தொடாதே. அதிலே ஒண்ணும் இல்லே," என்றாள். "கம்பி செத்துப்போச்சு. துருவும் அழுக்கும் ஏறின கம்பி பேசாதுடி. நாளைக்கு லஸ் பக்கம் போனா சாரணிக்கு ரெண்டு கம்பி வாங்கிண்டு வா."